பள்ளிக்கு மேலதிகக் காசு வந்தால், முதலில் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்

உங்கள் பள்ளிக்கு இந்த வருடம் வழக்கத்தை விட ஒரு தொகை கூடுதலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்த்து அனுப்பியிருக்கலாம். ஒரு தொண்டு நிறுவனம் தந்திருக்கலாம். நீங்கள் இப்போதுதான் அதிபராகவோ, ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான ஆசிரியராகவோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளராகவோ வந்திருக்கிறீர்கள். "கஷ்டப்பட்ட பிள்ளையளுக்குச் செலவழியுங்கோ" என்று காசு தந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கே தொடங்குவது?

இலங்கையின் வடக்கே வன்னியில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்தவள் நான். ஓலைக் கொட்டிலிலும், 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழும், திரும்பி வந்த பிறகு கூரையில்லாத கட்டடத்திலும் படிப்பித்திருக்கிறேன். காசில்லாமல் தவித்த பள்ளிகளைக் கண்டிருக்கிறேன். காசு வந்தும் அது பிள்ளையிடம் போய்ச் சேராத பள்ளிகளையும் கண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் நொந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்

காசு வந்த செய்தி கேட்டதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். வாசலுக்கு ஒரு வளைவு, மண்டபத்துக்கு ஒலிபெருக்கி, தரம் 5க்கு ஒரு ஸ்மார்ட் போர்ட். எல்லாம் நல்ல பொருட்கள்தான். ஆனால் இவற்றில் எதுவும் ஒரு பிள்ளை ஏன் வாசிக்க முடியாமல் இருக்கிறாள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. "ஒரு மாதம் பொறுங்கோ, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று கூட்டத்தில் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பிலும் எழுதுங்கள்.

அந்த மாதத்தில் முடிக்க வேண்டிய அலுவலக வேலை கொஞ்சம்தான். காசு அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். அதிபரின் சொந்தக் கணக்குக்கோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் கணக்குக்கோ ஒருநாளும் வரக்கூடாது, அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். என்ன தொகை, யார் தந்தது, என்ன நோக்கம் என்று வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவித்து அனுமதி எடுத்துவிடுங்கள். கற்றல் பொருட்களுக்கு அரசு தரும் தர உள்ளீட்டு நிதியோடு இதைக் கலக்காமல் தனிக் காசேடு ஒன்று திறவுங்கள். எந்தச் செலவுக்கும் சிட்டை, கூலிக்குக் கையெழுத்து வாங்கிய வவுச்சர், வாங்கிய பொருளுக்குப் பொருட்பதிவேட்டில் ஒரு வரி. இவ்வளவும் இருந்தால் கணக்காய்வுக்கு யார் வந்தாலும் நிம்மதியாக இருக்கலாம்.

பிறகு உண்மையான வேலை.

ஒவ்வொரு பிள்ளையாக, ஐந்து நிமிடம்

தரம் 2 முதல் 5 வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்புக்கு முன்னால் வேண்டாம். மரநிழலில் இரண்டு கதிரை போதும். அறுபது பிள்ளைகள் என்றால் ஐந்து மணித்தியாலம். ஒரு கிழமைக்குள் பிரித்துச் செய்து முடிக்கலாம்.

பாடப்புத்தகத்தை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். தரம் 4இல் படித்த ஒரு பையன் எனக்கு அதைக் கற்றுத் தந்தான். புத்தகத்தைத் திறந்து கொடுத்தேன். விரலை வரியில் வைத்துக்கொண்டு பாடத்தைக் கணீரென்று வாசித்தான், ஒரு பிழையில்லை. சந்தோசப்பட்டுக்கொண்டே பார்த்தால், விரல் இரண்டாவது வரியிலேயே நிற்கிறது, வாய் பக்கத்தின் முடிவுக்குப் போய்விட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து "மாடு" என்று எழுதினேன். தாளைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "ரீச்சர், இது புத்தகத்தில இல்லையே" என்றான். நாலு வருடமாக அவன் வகுப்பில் இருந்தான். கேட்டதைக் கேட்டபடி மனதில் பிடித்துச் சமாளித்திருக்கிறான். அவ்வளவு கூர்மையான பிள்ளை. அவனுக்கு மூளை இல்லை என்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆகவே நீங்களே ஐந்து தாள் தயாரியுங்கள். முதல் தாளில் தனி எழுத்துகள், இரண்டாவதில் மாடு, குளம், கொடி போன்ற சொற்கள், மூன்றாவதில் இரண்டு சிறு வசனம், நாலாவதில் ஒரு பந்தி, ஐந்தாவதில் பத்துப் பன்னிரண்டு வரிக் கதை. பிள்ளை தடுமாறாமல் வாசிக்கும் கடைசித் தாள் எதுவோ அதுதான் அவளுடைய படி. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமங்களில் நடத்திவரும் ஏசர் (ASER) கற்றல் கணிப்பிலும் ஏறக்குறைய இதே ஏணிதான். கணிதத்துக்கும் இப்படி ஒன்று செய்யலாம்: எண்ணை அடையாளம் காண்பது, இரண்டு இலக்கக் கழித்தல், வகுத்தல். அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிப் பட்டியல் உங்களிடம் இருக்கும். அது வேறு தேவைக்கு. இந்த ஐந்து தாள் சொல்வதை அதில் போடும் சரி அடையாளங்கள் சொல்லாது.

தமிழில் எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறாள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அ முதல் ஔ வரை பாட்டுப் போலச் சொல்லும் பிள்ளை "கொடி"யில் விழுவாள். ஏனென்றால் கொம்பு (ெ) முன்னால் நிற்கிறது, அரவு (ா) பின்னால் நிற்கிறது, நடுவில் க. கண் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். கெ-கே, கொ-கோ, ர-ற, ல-ள-ழ இவற்றில்தான் அனேகம் பேர் சறுக்குவார்கள். "வாசிக்கத் தெரியாது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "கொம்பு வரும் எழுத்தில் நிற்கிறாள்" என்று எழுதினால் நாளைக்கே வேலை தொடங்கலாம்.

பட்டியலைப் பற்றி

யார் கஷ்டப்பட்ட பிள்ளை? வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும உதவித்தொகையின் பெயர்ப்பட்டியலைக் கிராம அலுவலரிடம் கேட்டு வாங்கித் தொடங்கலாம். அதோடு நிற்கக் கூடாது. சரியான நேரத்தில் விண்ணப்பிக்கத் தெரியாத அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை அதில் இருக்க மாட்டாள். தருமபுரம், பாரதிபுரம் பக்கங்களில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல இன்னும் சொந்த வயல் இல்லாமல் கூலிக்குப் போகிறார்கள். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் காலத்துக்கு இடம் மாறிப் போகும் குடும்பங்கள் உண்டு. இவர்களை வகுப்பாசிரியருக்கும் முன்பள்ளி ரீச்சருக்கும்தான் தெரியும்.

வரவு இடாப்பையும் எடுத்து வையுங்கள். மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதை விட, எந்த நாட்களில் வரவில்லை என்பதைப் பாருங்கள். மாசி, பங்குனியில் மட்டும் வராதவன் காலபோக அறுவடைக்குப் போகிறான். ஐப்பசி, கார்த்திகையில் வராதவளின் வீட்டுப் பாதையை வெள்ளம் மூடியிருக்கும். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை இருந்தால் வீட்டுக்கே போய்ப் பாருங்கள்.

இப்போது மூன்று பட்டியல் உங்கள் கையில்: வறுமை, வாசிப்பு, வரவு. இரண்டில் பெயர் வரும் பிள்ளைகளிடம் முதலில் போங்கள். இந்தப் பட்டியல் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டியிருக்க வேண்டும். விளம்பரப் பலகையில் ஒட்டவோ, வகுப்பில் "உதவி பெறும் பிள்ளைகள் எழும்புங்கோ" என்று சொல்லவோ கூடாது.

காரணத்தைத் தேடுங்கள்

என் வகுப்பில் தரம் 3 படித்த ஒரு பெண்பிள்ளை கிழமையில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். கொப்பி, புத்தகப்பை, சப்பாத்து எல்லாம் ஒரு நிறுவனம் கொடுத்திருந்தது. அப்படியும் வரவில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே மூன்று கிலோமீற்றர் சைக்கிளில் போனேன். முற்றத்தில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். புதிய சப்பாத்து தாழ்வாரத்தில் பெட்டியோடு இருக்கிறது. பின்னேரம் தாய் வந்தா, கச்சான் பிடுங்கிய மண் கையிலிருந்து இன்னும் போகவில்லை. "ரீச்சர், நான் கூலிக்குப் போனால்தான் அண்டைக்கு அடுப்பு எரியும். சின்னவனை ஆர் பாக்கிறது?" என்று கேட்டா.

அந்தச் சின்னவனுக்கு மூன்றரை வயது. ஊர் முன்பள்ளியில் மாதக் கட்டணம் ஒரு சிறு தொகை, அதைக் கட்ட இயலாததால் சேர்க்கவில்லை. நாங்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டினோம். அக்கா அடுத்த கிழமையிலிருந்து ஐந்து நாளும் வந்தாள். கணக்குக் கேட்டவர் ஒருவர், "ஆரம்பப் பிள்ளைகளுக்கு வந்த காசை முன்பள்ளிக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். இடாப்பை எடுத்துக் காட்டினேன். உங்களிடமும் அந்த இடாப்பு இருக்கட்டும்.

காரணங்கள் இப்படித்தான் எதிர்பாராத இடத்தில் இருக்கும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தம் என்று பின்வாங்கில் இருத்தியிருப்போம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வை குறைவென்று எழுதிய பிள்ளைகளின் பெயரைத் தேடிப் பாருங்கள். எழுதியிருப்பார்கள், ஆனால் கண்ணாடிக்கு வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ கூட்டிப் போக ஆளும் பஸ் காசும் இருந்திராது. இன்னொரு பிள்ளைக்கு யானை நிற்கும் காட்டுப் பாதையில் தனியாக வரப் பயம். அந்தப் பாதையில் வரும் நாலு பேருக்கும் சேர்த்து ஓர் ஓட்டோ பேசினால் விசயம் முடிந்தது.

அரசு ஏற்கனவே தருவதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பாடநூல் 1980 முதலும் சீருடை 1993 முதலும் இலவசம். ஆரம்பப் பிள்ளைகளுக்குப் போசாக்கு உணவும் உண்டு. அது ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். வராத நாட்களில் ஒரு கிண்ணம் பயறோ இலைக்கஞ்சியோ கொடுக்கச் சிறு தொகை ஒதுக்கலாம். வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்குக் கொம்பும் அரவும் கண்ணில் நிற்காது.

பெரிய பங்கு எங்கே போகவேண்டும்

என் தீர்மானமான எண்ணம் இது: காசில் பாதிக்கு மேல் ஒரு மனிதருக்குப் போகவேண்டும், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்க வைக்கும் மனிதருக்கு.

வன்னிச் சிறு பள்ளிகளில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பின்னேர வகுப்பு என்றால் அவர்களுக்குப் பஸ் போய்விடும். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஊரில் உயர்தரம் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறுமையும், தெளிவாக வாசிக்கும் வாயும், பிள்ளைகளில் விருப்பமும் இருந்தால் போதும். அப்படி இரண்டு பேரைத் தேடி, வலயத்தின் ஆரம்பக்கல்வி ஆசிரிய ஆலோசகரைக் கூப்பிட்டு இரண்டு நாள் பழக்குங்கள். பிறகு பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பாடவேளையை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். கிழமைக்கு நாலு நாள். பள்ளி விட்ட பிறகு வைத்தால், வீட்டில் வேலை இருக்கும் பிள்ளைகள்தான் முதலில் கழன்று போவார்கள், அவர்களுக்காகத்தான் இதைத் தொடங்குகிறோம்.

அந்த வேளையில் வகுப்பை வயதால் பிரிக்காமல் படியால் பிரியுங்கள். "சொல்" படியில் நிற்கும் தரம் 2, 3, 4 பிள்ளைகள் ஐந்தாறு பேராக ஒன்றாக இருக்கட்டும். தரம் 5 பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் சின்னவர்களுக்குக் கதைத்தாள் பிடிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள்.

வாசிக்கப் பொருள் வேண்டுமே என்று உடனே புத்தகக் கடைக்கு ஓடாதீர்கள். பிள்ளை ஒரு விசயம் சொல்லட்டும்: "நேற்று எங்கட மாடு குளத்தில இறங்கீட்டுது." அதை அப்படியே பெரிய எழுத்தில் தாளில் எழுதுங்கள். அவள் சொன்னது என்பதால் அவளுக்கு வாசிக்க வரும். பக்கத்தில் எழுத்துத் தமிழில் "எங்கள் மாடு குளத்தில் இறங்கிவிட்டது" என்று எழுதி இரண்டையும் வாசிக்க வையுங்கள். வருட முடிவில் அறுபது எழுபது தாள் சேரும். உறை போட்டுக் கட்டினால் அது அந்தப் பள்ளியின் சொந்த வாசிப்பு நூல். முத்தையன்கட்டுக் குளமும் உழவு மெசினும் உழுந்து காயும் முற்றமும் அதில் இருக்கும். அதற்கு மேல் நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கலாம், வாங்க வேண்டும். வாங்கியதை அலுமாரியில் பூட்டி வைக்காமல் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், கிழிந்தால் கிழியட்டும். கணிதத்துக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்கும் ஒரு போத்தல் புளியங்கொட்டையும் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று இலட்சம் வந்தது என்றால்: இரண்டு உதவியாளர்களுக்கு நாளுக்கு 700 ரூபா, கிழமைக்கு 4 நாள், 30 கிழமை என்று 1,68,000. புத்தகம், தாள், மாக்கருக்கு 40,000. ஓட்டோ, கண்ணாடி, மழைக்கோட்டு, முன்பள்ளிக் கட்டணம் போல வரவைத் தடுக்கும் காரணங்களுக்கு 70,000. மீதி 22,000 கையில் இருக்கட்டும், மாரியில் ஏதாவது வரும். உங்கள் ஊர்க் கூலிக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மனிதருக்கான பங்கை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.

புலமைப்பரிசில் வகுப்பு என்ற இழுப்பு

இதை நேராகச் சொல்லவேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் ஊர் பள்ளியை அளக்கிறது. அதனால் கூடுதலாக வரும் காசு மாதிரி வினாத்தாளுக்கும், வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கும், முன்வாங்கில் இருக்கும் ஐந்தாறு பேருக்கும் போய்விடும். அந்தப் பிள்ளைகள் படிக்கட்டும், எனக்கு அதில் சந்தோசம்தான். ஆனால் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு என்று வந்த காசில் அது வேண்டாம். தரம் 2இல் "சொல்" படியைத் தாண்டாத பிள்ளைக்கு தரம் 5இல் கட்டுக்கட்டாக வினாத்தாள் கொடுத்து என்ன பயன்? பெற்றோர் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேளுங்கள். முதலில் முணுமுணுப்பார்கள். தங்கள் பிள்ளை ஒரு வசனத்தைச் சுயமாக வாசிப்பதைப் பார்த்த பிறகு அவர்களே உங்களுக்காகப் பேசுவார்கள்.

கொடுக்கும் விதம்

மேடை போட்டு, மாலை போட்டு, பெயர் கூப்பிட்டுச் சப்பாத்துக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு விழாவுக்கு அடுத்த நாள் வகுப்பில் ஒரு பிள்ளை பழைய செருப்போடு வந்தாள். ஏன் என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்னேரம்தான் மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்தது தெரிந்தது. பொருள் கொடுக்க வேண்டுமென்றால் தாயைக் கூப்பிட்டு அலுவலகத்தில் கொடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், முடிந்தது. மழைக்கோட்டு, கொப்பி போன்றவற்றை முடிந்தால் முழு வகுப்புக்கும் கொடுத்துவிடுங்கள். சிறு பள்ளியில் அது பெரிய செலவில்லை.

காசு தந்தவர்கள் படம் கேட்பார்கள். அவர்களும் இந்த மண்ணை விட்டுப் போய் இரவு வேலை செய்து அனுப்பியவர்கள், கேட்பது நியாயம். பிள்ளையின் முகத்துக்குப் பதிலாக அவள் எழுதிய தாளை அனுப்புங்கள். தவணைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எத்தனை பேர் எந்தப் படியில் இருந்தார்கள், இப்போது எந்தப் படியில் இருக்கிறார்கள், எவ்வளவு செலவு, எது சரிவரவில்லை. இலண்டனில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இராது. இங்கிலாந்தில் 2011 முதல் வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசு பள்ளிக்கு மேலதிகப் பணம் கொடுக்கிறது. பியூப்பிள் பிரீமியம் என்று பெயர். அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்று பள்ளி வருடாவருடம் எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். அங்கேயும் முதலில் நல்ல கற்பித்தல், பிறகு பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனம், பிறகு வரவு போன்ற மற்றத் தடைகள் என்றுதான் வழிகாட்டுகிறார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பார்த்த ஒழுங்கை உங்கள் கடிதத்தில் கண்டால் அடுத்த வருடமும் நம்பி அனுப்புவார்கள்.

தவணை முடிவில்

ஒவ்வொரு தவணை முடிவிலும் அதே மரநிழல், அதே ஐந்து நிமிடம். தாளில் உள்ள சொற்களை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் என்னுடைய பையனைப் போல மனதில் பிடித்து வைத்துவிடுவார்கள். ஒரு தவணை முழுக்கவும் ஒரு படிகூட நகராத பிள்ளை இருந்தால் அவளைத் திட்ட வேண்டாம், உதவியாளரையும் திட்ட வேண்டாம். காரணத்தை நாங்கள் பிழையாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். திரும்ப வீட்டுக்குப் போங்கள், காதையும் கண்ணையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த படிக்குப் போனவர்களின் இடத்துக்குப் புதிய பெயர்களை எடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதி வாருங்கள், பிள்ளைக்கு ஒரு பக்கம். கஷ்டப் பிரதேசச் சேவை முடிந்து நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போவீர்கள், உங்களுக்குப் பிறகு வருபவர் தாங்களாகவே தொடக்கத்திலிருந்து தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பொறுப்புக் கொடுக்கும் நாளில் திறப்புக் கோர்வையோடும் காசேட்டோடும் அந்தக் கொப்பியையும் அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, எந்தப் பிள்ளை இன்னும் "கொடி"யில் நிற்கிறாள் என்று பக்கம் புரட்டிக் காட்டிவிட்டுப் போங்கள்.